கியன்டாலில் ஒரு சப்பாத்து அலமாரி

செப்டெம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை ஏழரைக்கு, நான் இருக்கும் வில் என்ற ஊரின் ஸ்டேசனில் ரயில் ஏறினேன். கைப்பையில் புட்டு, கோழிக்கறி, இறால் பொரியல், அவித்த முட்டை, ஒரு வாழையிலை. தோள்பையில் உடுப்பும் அண்ணாவின் படமும். கண்ணாடி உடையாமல் இருக்கப் படத்தைத் துவாயில் சுற்றியிருந்தேன்.

நான் வில்லில் ஒரு பாண் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்கிறேன். ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே வந்து டொச் மொழி வகுப்புக்குப் போனேன், அவ்வளவுதான். சுவிஸில் எட்டு வருடம் இருந்தும் மலைப்பக்கம் போனதில்லை. லீவு கிடைத்தால் நித்திரை கொள்வேன், இல்லாவிட்டால் அண்ணாவைத் தேடிக்கொண்டு போவேன். அவர் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று யாராவது போன் எடுத்துச் சொல்வார்கள்.

அண்ணாவின் பெயர் ரஞ்சன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. இந்த நாட்டில் எனக்கு அம்மாவும் அப்பாவும் போல இருந்தவர். ஈரல் பழுதாகி, போன வருடம் செத்துப்போனார். காரணம் குடிதான். சபையில் சொல்லும்போது சுகமில்லாமல் இருந்தவர் என்று சொல்வோம். இங்கே அப்படி எழுத எனக்கு மனமில்லை.

செத்த பிறகு அவருடைய போனைப் பார்த்தேன். அதில் ஒரு படம். மரவீடு ஒன்று, பின்னால் பனிமலை. அண்ணா ஏணியில் நின்று யன்னல் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கிறார். கண் தெளிவாக இருக்கிறது. அது இரண்டு வருடத்துக்கு முந்திய கோடை. அந்த நாட்களில் தினமும் பின்னேரம் எனக்குப் போன் எடுப்பார். "இஞ்சை நல்ல நித்திரை வருது" என்பார். குரல் தடுமாறாது. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அண்ணாவின் முதலாளியிடம் கேட்டபோது இடம் சொன்னார்: கியன்டால் பள்ளத்தாக்கு, கிரீஸ்அல்ப் பக்கம், ஒரு விடுதி. படுக்கவும் சாப்பிடவும் ஆளுக்கு எண்பத்திரண்டு பிராங். அங்கே வைத்து அண்ணாவுக்குப் படைக்கலாம் என்று போன் எடுத்து இரண்டு கட்டில் பதிந்தேன்.

இரண்டாவது கட்டில் சீலன் அண்ணைக்கு. அவர் அண்ணாவின் கூட்டாளி. பேர்னில், பூம்ப்ளிஸில் இருக்கிறார். முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை. அண்ணாவோடு ஒரே அகதிக் காம்பில் இருந்து அசூல் அடித்து, தஞ்சம் கேட்டவர்.

வில்லிலிருந்து பேர்னுக்கு ரயில் மாறத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வின்டர்தூரில் சனம் ஏறியது, சூரிச்சில் இறங்கி வேறு சனம் ஏறியது. அதற்குப் பிறகு சோளக்காணியும் அப்பிள் மரமும் பண்டகசாலையும். பேர்னில் மேடையிலேயே சீலன் அண்ணை நின்றார். புதுச் சப்பாத்து, இஸ்திரி போட்ட சேர்ட், தோளில் ஒரு பை, கையில் பூப்போட்ட தாளில் சுற்றிய வைன் போத்தல். ஸ்பீட்ஸ் போகும் ரயிலில் இரண்டு பேரும் ஏறினோம்.

"என்ன தங்கச்சி, பெட்டி முழுக்க இறால் மணக்குது. சுவிஸ்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த ஸ்டேசனிலை குதிக்கப் போறான்."

"அவன் சீஸ் திண்டுகொண்டு வாறான். நாங்கள் குதிச்சமோ?"

சிரித்தார். பிறகு பையை மேலே வைத்தார். உள்ளே ஏதோ கிலுங்கியது.

"கையிலை வைன். பையிலை என்ன கிலுங்குது?"

"வைன் அந்த வீட்டுக்காரருக்கு. ஒரு வீட்டை வெறுங்கையோடை போறதோ? பையிலை இருக்கிறது அவனுக்கு."

எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவு என்று செய்வார்கள். மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்து, செத்தவருக்கு விருப்பமான எல்லாவற்றையும் இலையில் படைப்போம். சுருட்டுக் குடித்தவர் என்றால் சுருட்டு வரும். சாராயம் குடித்தவர் என்றால் போத்தல் வரும். அண்ணாவின் எட்டுச் செலவில் நான் போத்தல் வைக்க விடவில்லை. ஆம்பிளையளின் விசயத்தில் பொம்பிளைப் பிள்ளை வாய் வைக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். நான் போத்தலை எடுத்துக் குளியலறையில் ஊற்றினேன். சீலன் அண்ணை அன்று சாப்பிடாமல் போய்விட்டார். இந்த வருடத் திவசம் ஐயரை வைத்துக் கோயிலில் மச்சமில்லாமல் நடந்தது. அதிலும் அவர் தூரத்தில்தான் நின்றார்.

"சீலன் அண்ணை, நான் அண்டைக்கே சொன்னனான். வைக்கேலாது."

"அண்டைக்கு நீ சொன்னாய், நான் கேட்டனான். ஒரு வருசமா அவன் என்ரை கனவிலை வந்து நிக்கிறான்."

"என்ன கேக்கிறார்?"

"ஒண்டும் கேக்கிறேல்லை. சும்மா நிக்கிறான். கேட்டாலாவது பரவாயில்லை."

"என்ரை கனவிலை ஒருக்காலும் வரேல்லை" என்றேன்.

தூண் ஏரி வந்தது. தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த நிறம். ஸ்பீட்ஸ் வரும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம். நாளைக் காலை அந்த வீட்டில் படைக்கும்போது போத்தலை வைப்பாரா, நான் விடுவேனா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஆசனத்தில் இருந்தது.

ஸ்பீட்ஸில் சின்ன ரயிலுக்கு மாறி ரைஹன்பாஹ் என்ற ஊரில் இறங்கினோம். அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ். கியன்டால் கிராமம்வரை சாதாரண மலைப்பாதை. அதற்குப் பிறகு ஒரு சின்ன ஏரி, பிறகு ஒரு சுவர் மாதிரி மலை. அந்தச் சுவரில் பஸ் ஏறுகிறது. நூறு மீட்டர் ஓடினால் இருபத்தெட்டு மீட்டர் உயரும் என்று சாரதி ஒலிவாங்கியில் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிக்கிறார். வலப்பக்கம் பாறைக் குழிக்குள் அருவி விழுந்து சுழல்கிறது. அதற்குச் சூனியக்காரியின் அண்டா என்று பெயர்.

சீலன் அண்ணை முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"தங்கச்சி, டிரைவர் குடிவெறியிலை இல்லையே?"

"கேட்டுச் சொல்லட்டோ?"

"வேண்டாம். ஓம் எண்டு சொன்னால் நான் எங்கை இறங்கிறது?"

இறங்கும்போது சாரதி என் கைப்பையைப் பார்த்து, "கறியா? இருபது வளைவாக எனக்குப் பசிக்கிறது" என்றார். ஒரு முட்டை கொடுத்தேன். அந்த இடத்திலேயே உரித்துச் சாப்பிட்டார்.

கிரீஸ்அல்ப்பில் இருந்து காட்டுப் பாதையால் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மரங்கள் முடிந்ததும் வீடு தெரிந்தது. பின்னால் ப்ளூம்லிஸ்அல்ப் பனிமலை. போனில் பார்த்த அதே பச்சை யன்னல் கதவுகள். நான் நின்றுவிட்டேன். பக்கத்தில் போய் ஒரு கதவைத் தொட்டுப் பார்த்தேன். மூலையில் பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. அண்ணா சொட்டு விழ விடமாட்டார். இந்தச் சொட்டு விழுந்த நேரம் யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்றிருப்பார். ஒருவேளை என்னோடு போனில் கதைத்திருக்கலாம்.

வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். பெயர் வ்ரேனி. அறுபது வயது இருக்கும், ஆம்பிளைக் காற்சட்டை, கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. சீலன் அண்ணை தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் வைன் போத்தலை நீட்டினார். அவள் போத்தலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு வாசலுக்கு மேலே இருந்த பலகையைக் கத்தியால் காட்டினாள். நூறு வருடத்துக்கு மேல் பழைய பலகை. மதுவில்லாத விடுதி என்று டொச்சில் எழுதியிருந்தது.

"என்னவாம்?" என்றார் சீலன் அண்ணை.

"இஞ்சை குடி இல்லையாம். நூறு வருசமா இல்லையாம்."

நீட்டிய கை அப்படியே நின்றது. "ஐயோ. கோயிலுக்கு ஆட்டுக்கால் கொண்டு வந்த மாதிரிப் போச்சுதே."

வ்ரேனி கோபப்படவில்லை. எங்களைச் சப்பாத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவர் நீளத்துக்கு ஒரு அலமாரி. கீழ்த்தட்டில் சப்பாத்து, மேல்தட்டில் குடை, தொப்பி, போத்தல்கள். உடுப்புக் காயப்போடும் மரக் கவ்வி ஒன்றை எடுத்து அதில் பெயரை எழுதச் சொன்னாள். எழுதியதும் கவ்வியைப் போத்தலின் கழுத்தில் மாட்டினாள்.

"இங்கே சப்பாத்தைக் கழற்றுவது போலத்தான் இதுவும். போகும்போது திருப்பித் தருவேன். நான் யாருடைய பொருளையும் ஊற்றுவதில்லை" என்றாள்.

கடைசி வசனத்தை நான் சீலன் அண்ணைக்கு மொழிபெயர்க்கவில்லை. அவருடைய தோள்பையில் இருந்த மற்றப் போத்தலைப் பற்றியும் நாங்கள் வாய் திறக்கவில்லை. அது அவரோடு மேலே போனது.

மாடிப்படிச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. பாலம் மாதிரி வளைந்த படிக்கட்டு, ஏறி இறங்குகிறது. முதல் படியில் ஒரு கூட்டாளி இன்னொருவனுக்குக் கிளாஸ் கொடுக்கிறான். நடுவில், உச்சியில், நல்ல உடுப்புப் போட்ட ஆட்கள் சிரித்துக் குடிக்கிறார்கள். பிறகு இறக்கம். கிழிந்த உடுப்பு, சண்டை, கடைசிப் படியில் சாவு. வளைவுக்குக் கீழே ஒரு பெண் தன் பிள்ளையோடு நின்று அழுகிறாள். எல்லோரும் படியைத்தான் பார்ப்பார்கள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கு ஏறவும் படியில்லை, இறங்கவும் படியில்லை.

சீலன் அண்ணை முதல் படிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"கிளாஸ் குடுக்கிறவன்ரை மூஞ்சையைப் பார் தங்கச்சி. எவ்வளவு பாசம். நஞ்சு குடுக்கிறவன் மாதிரியோ கிடக்கு?"

"இல்லை."

"காம்பிலை அவனுக்கு முதல் கிளாஸ் நான்தான் குடுத்தனான். குளிருக்கெண்டு. அவன் ஊரிலை தொட்டதே இல்லை."

எனக்கு இது தெரியும். அண்ணாவே சொல்லியிருக்கிறார். ஒரு வருடமாக இவரைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவு வரும். இப்போது அவரே சொல்லிவிட்டார். "வாங்கோ, சாப்பிட மணி அடிச்சாச்சு" என்றேன்.

ஆறரைக்கு இரவுச் சாப்பாடு. ஒரே நீள மேசை. எங்களைத் தவிர ஹானா என்ற அமெரிக்கப் பெண் மட்டும் இருந்தாள். என் வயதுதான். ஒஹாயோவில் இருந்து வந்தவள், பல்கலைக்கழகத்தில் பழைய சீர்திருத்த இயக்கங்களைப் பற்றிப் படிக்கிறாளாம். அவளுடைய டொச் புத்தக டொச். என்னுடையது தொழிற்சாலை டொச். இரண்டும் எப்படியோ ஒத்துப்போயின. மக்ரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும், பக்கத்தில் இனிப்பு அப்பிள் கூழ். சீலன் அண்ணை பொக்கற்றில் இருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்தார்.

"இதுக்கும் மரக் கவ்வி போடுவாவோ?" என்று என்னைக் கேட்டார். வ்ரேனிக்குச் சொன்னேன். அவள் கையை நீட்டித் தனக்கும் கொஞ்சம் வாங்கிப் போட்டாள்.

படிக்கட்டுப் படம் எங்கே இருந்து வந்தது என்று நான் கேட்டேன். ஹானா கரண்டியை வைத்துவிட்டாள். அது தன் நாட்டில் இருந்து வந்த சாமான் என்றாள். இருநூறு வருடத்துக்கு முந்தி அங்கே எல்லோரும் குடித்தார்களாம். காலைச் சாப்பாட்டோடு குடி, வயலில் வேலை நடுவே குடி, பிள்ளை பிறந்தால் குடி, பிணம் எடுத்தால் குடி.

நான் தமிழில் சொன்னேன். "நல்ல ஆக்கள்" என்றார் சீலன் அண்ணை. "பிறகு ஆர் கெடுத்தது?"

பிறகு சபை சபையாகச் சனம் எழும்பியது என்றாள் ஹானா. இனிக் குடிக்கமாட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் உறுதிமொழிக்குக் கையெழுத்து வைப்பார்கள். சின்னப்பிள்ளைகள் தண்ணீரைப் புகழ்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்களாம். பயணம் போகிறவன் தங்குகிற இடமெல்லாம் சாராயக் கடையாக இருந்ததால், குடியில்லாத விடுதிகள் திறந்தார்கள். அந்த யோசனை கடல் தாண்டி வந்து, மெல்ல இந்த மலைக்கும் ஏறியிருக்கிறது. அடிமைகளை வைத்திருப்பது பாவம் என்று கதைத்தவர்களிலும், சிறைக்கூடத்தையும் பைத்தியக்காரர் விடுதியையும் திருத்த வேண்டும் என்றவர்களிலும் பலர் இவர்கள்தானாம். ஒரு கூட்டத்தில் இருந்து எழும்பி மற்றக் கூட்டத்துக்குப் போவார்களாம்.

"எங்கடை சங்கக்காரர் மாதிரி" என்றார் சீலன் அண்ணை.

"பெண்களும் போனார்களா?" என்று ஹானாவைக் கேட்டேன்.

அதுதான் வேடிக்கை என்றாள் ஹானா. குடிவெறிக்கு அடி வாங்கியவர்கள் பெண்கள். புருசன் சம்பளத்தைக் குடித்து முடித்தாலும் சட்டப்படி அது அவன் காசு, பிள்ளையும் அவன் பிள்ளை. ஆனால் கூட்டத்தில் பெண் எழும்பிப் பேசினால் வாயை மூடி இருக்கச் சொல்வார்கள். அப்படி இருக்கச் சொல்லப்பட்ட சில பெண்கள்தான் வெளியே போய்த் தங்கள் உரிமைக்கென்று கூட்டம் வைத்தார்களாம்.

இதை நான் உடனே தமிழாக்கவில்லை. சீலன் அண்ணை என் முகத்தைப் பார்த்து, "என்ன, எனக்குத்தான் ஏச்சோ?" என்றார். "உங்களுக்கு மட்டும் இல்லை" என்றேன்.

பிறகு ஹானா சொன்ன ஒன்று என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முதலில் அந்தச் சபைகள் குடிகாரரைக் கணக்கில் எடுக்கவில்லையாம். குடிக்காதவனையும் கொஞ்சமாகக் குடிக்கிறவனையும் காப்பாற்றுவோம், முழுக் குடிகாரன் திருந்தமாட்டான், அவர்கள் தானாகச் செத்து முடிவார்கள் என்று பலர் நினைத்தார்களாம்.

"எங்கடை ஆக்களும் அப்பிடித்தானே சொன்னவை" என்றேன். "உதுகள் திருந்தாது எண்டு."

"பிறகு?" என்றார் சீலன் அண்ணை.

பிறகு ஒரு துறைமுக நகரத்தில், சாராயக் கடையில் குடித்துக்கொண்டிருந்த ஆறு கூட்டாளிகள், அந்த மேசையிலேயே, நாங்களே விடுவோம் என்று முடிவெடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை கூடித் தாங்கள் குடித்த கதையை ஒருவருக்கு ஒருவர் சொன்னார்கள். பிரசங்கம் இல்லை. கதை மட்டும். கேட்க ஆயிரமாயிரம் குடிகாரர் வந்தார்கள்.

சீலன் அண்ணை அதைக் கேட்டுக் கனநேரம் கிளாஸில் இருந்த தண்ணீரைச் சுற்றினார். "நாங்களும் கதை சொன்னனாங்கள்தானே. எல்லாத்தையும் சொன்னனாங்கள். ஆமிக்காரன் அடிச்சது, கடலாலை வந்தது, எல்லாம். ஆனால் குடிச்சுக்கொண்டு சொன்னனாங்கள். விடிய எழும்பினால் ஒருத்தனுக்கும் ஒண்டும் ஞாபகம் இல்லை."

"அந்த ஆறு பேரும் கடைசிவரை குடிக்கவில்லையா?" என்று ஹானாவைக் கேட்டேன்.

பொய் சொல்லாமல் சொன்னாள். ஆறு பேருக்கும் என்ன நடந்தது என்று தனக்குத் தெரியாது. வந்தவர்களில் நிறையப் பேர் திரும்பிக் குடித்தார்கள். அந்த இயக்கமும் சில வருடத்தில் கரைந்துபோனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு வ்ரேனியிடம் போய், செத்தவருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும், கற்பூரம் கொளுத்த வேண்டும் என்றேன். உள்ளே கொளுத்தினால் அலாரம் அடித்துத் தீயணைப்புக்காரர் மலையேறி வருவார்கள் என்று பின் விறாந்தையில் ஒரு மேசையைத் துடைத்துத் தந்தாள். இலையை விரித்தேன். அவளுடைய அடுப்பில் சூடாக்கிய புட்டும் கறியும் இறாலும் வைத்தேன். துவாயைக் கழற்றி அண்ணாவின் படத்தைச் சுவரோடு சாய்த்தேன்.

சீலன் அண்ணை பையோடு வந்தார். சாராயப் போத்தலை எடுத்தார். ஊர்ச் சாராயம், யாரிடமோ சொல்லி எடுப்பித்தது. மூடியில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. எனக்குக் கத்த வரவில்லை. போன முறை ஊற்றினேனே, அப்போது மனம் ஆறவில்லை. இப்போது என்ன செய்தால் ஆறும் என்றும் தெரியவில்லை.

"ஒரு மூடி தங்கச்சி. ஒரேயொரு மூடி. பிறகு வாழ்நாளிலை கேக்கமாட்டன்."

அந்த நேரம் வ்ரேனி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். சீலன் அண்ணை போத்தலை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் அவள் போத்தலைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்தாள்.

"இது எங்கள் பெயின்டர்" என்றாள். "செத்தது இவரா?"

ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என்ன நோய் வருத்தம் என்று கேட்டாள். இந்த முறை நான் சுகமில்லாமல் என்று சொல்லவில்லை. குடி என்றேன்.

செம்பை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு விஸ்கிப் போத்தல். முழுப் போத்தல், மூடி உடைக்கவில்லை, தோளில் தூசி. கழுத்தில் மரக் கவ்வி.

"இரண்டு வருடமாக அலமாரியில் இருக்கிறது. இந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் யாருடையது என்று தெரியும்" என்றாள்.

கவ்வியில் பெயின்ட் பிரசால், பச்சை நிறத்தில், தமிழில் ரஞ்சன் என்று இருந்தது.

வ்ரேனி சொன்னாள்: வந்த முதல் நாள் அவராகவே கொண்டுவந்து தந்தார். மூன்று கிழமை வேலை. ஒரு நாளும் கேட்கவில்லை. போகிற நாள் சப்பாத்து அறை வாங்கில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டினார். கட்டிக் கட்டி அவிழ்த்தார். நான் அலமாரியைத் திறந்து, உன்னுடையது என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே வைத்தார். இருக்கட்டும், பிறகு எடுக்கிறேன் என்றார்.

சீலன் அண்ணைக்கு வரி வரியாகச் சொன்னேன். அவர் தன் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அண்ணாவின் போத்தலை வாங்கினார். மூடியைத் தடவிப் பார்த்தார்.

"கீழை இறங்கி ஸ்பீட்ஸிலை வேறை வாங்கியிருப்பான்" என்றார்.

"வாங்கியிருப்பார்" என்றேன். "ஆனால் இதை விட்டிட்டுப் போனவர்."

"ஓம். இதை விட்டவன்."

"அண்ணை, அதை வையுங்கோ."

"என்ன?"

"அதை இலையிலை வையுங்கோ. திறக்க வேண்டாம்."

அவர் இரண்டு கையாலும் பிடித்து, இலையின் வலப்பக்கம், படத்துக்கு முன்னால் வைத்தார். கவ்வியைத் திருப்பிப் பெயர் தெரியும்படி விட்டார். செம்பில் இருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை நான் ஊற்றினேன். கற்பூரம் காற்றுக்கு இரண்டு தரம் அணைந்து, மூன்றாம் தரம் பிடித்தது. கும்பிட்டோம். செத்தவர் சாப்பிட நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, அதனால் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். ஹானாவும் நித்திரை முகத்தோடு வந்து, ஏன் என்று கேளாமல் எங்களோடு கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

சீலன் அண்ணை அழுதார். ஒரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "கனவிலை அவன் கேக்காமல் நிண்டது இதுக்குத்தானோ" என்றார். நான் தோளில் கை வைத்தேன். பிறகு கதவைத் திறந்தபோது, காகம் மாதிரிக் கறுத்த, மஞ்சள் அலகுப் பறவை ஒன்று இறாலோடு பறந்தது.

"உதுக்கும் உறைப்புப் பிடிச்சிருக்கு" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

படையலை நாலு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம். வ்ரேனி மூன்று முறை புட்டுப் போட்டாள்.

பன்னிரண்டரை பஸ்ஸுக்கு இறங்க வேண்டும். சப்பாத்து அறையில் வ்ரேனி அலமாரியைத் திறந்து வைனைத் திருப்பித் தந்தாள். பிறகு அண்ணாவின் போத்தலைக் காட்டி, கொண்டு போகிறாயா, நான் என்ன செய்ய என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். சரி என்று பழைய இடத்திலேயே, குடைகளுக்கும் ஒரு ஒற்றைக் கையுறைக்கும் நடுவில் வைத்தாள். நான் சப்பாத்துக் கயிற்றை ஒரு தரம்தான் கட்டினேன். கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் கட்டினேன்.

நேற்றைய சாரதிதான் பஸ்ஸில் இருந்தார். சீலன் அண்ணை பூப்போட்ட தாளோடு வைனை நீட்டி, "வேலை முடிஞ்ச பிறகு" என்று தனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னார். சாரதி வாங்கித் தன் சாப்பாட்டுப் பையில் வைத்தார். வளைவுகளில் சீலன் அண்ணை கண்ணை மூடவில்லை. அவருடைய சாராயம் தோள்பைக்குள்தான் இருந்தது. பேர்னில் இறங்கும்போதும் இருந்தது. அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. "வாற சனி வில்லுக்கு வரட்டோ? சும்மா இருந்து கதைப்பம். தேத்தண்ணியோடை" என்றார். வாங்கோ என்றேன்.

மேற்கொண்டு தனியாக வந்தேன். சூரிச்சில் மழை. எங்கள் வீடுகளில் ஆள் செத்தால் அவருடைய உடுப்பை யாருக்காவது கொடுப்போம், கட்டிலைத் திருப்பிப் போடுவோம், போனில் இருக்கிற நம்பரைக்கூட அழிப்போம். அண்ணாவின் அறையை ஒரு நாளில் காலி செய்தேன். அங்கே இருந்த போத்தல்கள் எல்லாம் வெறும் போத்தல்கள், பல தரம் தூக்கிக்கொண்டு போய்க் தெருவோரக் கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் போட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் இந்த நாட்டில் என்ன செய்தார் என்று ஊரில் அம்மா கேட்கும்போது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும்.

இனிமேல் கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. மலையில் ஒரு வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். அண்ணா குடிக்காமல் விட்ட போத்தல் ஒன்று, அவர் பெயரோடு, அங்கே அலமாரியில் இருக்கிறது.